ஆல் சீசன் டயரும் ஒரு பழைய ஒப்பீட்டுப் பட்டியலும்

என் தங்கை மகன் ஸ்ரீரங்கத்தில் மைக்செட் வைத்திருக்கிறான். திருவானைக்காவல் கல்யாண மண்டபங்கள், லால்குடி பக்கத்துக் கோயில் திருவிழாக்கள், சித்திரையில் சமயபுரம் தேர் என்று வருஷத்தில் பாதி நாள் ராத்திரியில்தான் பிழைப்பு. ஒரு பிக்கப் வண்டி. அதில் ஒயர் சுருள், ஸ்பீக்கர் பெட்டி, சீரியல் செட், டியூப்லைட் கட்டு. பின்னால் கொக்கியில் ஜெனரேட்டர் டிரெய்லர். அது மட்டும் ஒன்றேகால் டன்.

போன மாதம் ஒரு காலையில் வந்தான். காபி கொடுப்பதற்குள் விஷயத்தைச் சொல்லிவிட்டான்.

"மாமா, பின்னாடி ரெண்டு டயரும் மொட்டையாயிடுச்சு. புதுசு போடணும். கடைக்காரர் ஆல் சீசன் டயர்னு ஒண்ணு சொல்றாரு. ஃபாரின் மாடலாம். வெயில், மழை, பனி எல்லாத்துக்கும் தாங்குமாம். விலையும் கம்மி. நீங்கதான் பிரெஞ்சு படிச்சவராச்சே, பொட்டியில என்னமோ பிரெஞ்சுல போட்டிருக்கு, பாருங்க."

கைப்பேசியில் படம் எடுத்து வந்திருந்தான். விளம்பர அட்டையில் 'காத்ர் ஸெஸோன்' என்று இருந்தது. நாலு பருவம் என்று அர்த்தம். அவ்வளவுதான். எந்த நாலு பருவம், யாருடைய நாலு பருவம் என்று அதில் இல்லை. அதைத்தான் இன்றைக்குக் கொஞ்சம் உரக்கச் சண்டை போட்டுக் கேட்கப் போகிறேன். கடைசியில் என் மேலேயே ஒரு குற்றச்சாட்டு வரும். அதையும் மறைக்கப் போவதில்லை.

முதலில் பருவம். நம் முன்னோர் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறாகப் பிரித்தார்கள். திருச்சிக்காரன் அனுபவத்தில் இரண்டரைதான். வெயில், கடும் வெயில், ஐப்பசி கார்த்திகையில் கொஞ்சம் மழை. பிரான்சில் நாலு பருவம் என்றால் அதில் ஒன்று பனி கொட்டும் குளிர்காலம். அங்கே ஆல்ப்ஸ், பிரெனே மலைப் பகுதிகளில் நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை குளிர்கால டயரோ, நாலு பருவ டயரோ, சங்கிலியோ இல்லாமல் குறிப்பிட்ட ஊர்களில் கார் ஓட்டக் கூடாது என்று 2021 முதல் சட்டமே இருக்கிறது. 2024 நவம்பர் முதல் டயரில் 'எம் + எஸ்' என்ற எழுத்து மட்டும் இருந்தால் போதாது, மூன்று சிகர மலைக்குள் பனித்துளி வரைந்த முத்திரையும் வேண்டும் என்று இறுக்கிவிட்டார்கள். காரணம், எம் + எஸ் என்பது சேறும் பனியும் என்று கம்பெனி தானே போட்டுக்கொள்ளும் எழுத்து. மலை முத்திரை பனியில் ஓட்டிச் சோதித்த பிறகு கிடைப்பது.

பனிக்கான ரப்பர் எப்படி இருக்கும்? குளிரில் விறைக்காமல் மெத்தென்று இருக்கும்படி கலந்திருப்பார்கள். சாதாரண டயர் ரப்பர் சுமார் 7 டிகிரிக்குக் கீழே இறுக ஆரம்பிக்கும் என்பது அங்கே பொதுவாகச் சொல்லும் கணக்கு. ஐயா, 7 டிகிரியைத் திருச்சியில் நாம் ஃப்ரிட்ஜுக்குள்தான் பார்த்திருக்கிறோம். கத்திரி வெயிலில் 40 டிகிரி காற்று, அதைவிடச் சூடாகத் தார் ரோடு, அதன் மேல் பாரம். அந்த இடத்தில் மெத்தென்ற ரப்பருக்கும், பட்டனில் மயிரிழையாக நிறையக் கீறல் போட்ட அமைப்புக்கும் என்ன வேலை? பாரத்தில் பட்டன் நெளியும், சூடேறும், சீக்கிரம் தேயும். நம் ஊர்ச் சாலைக்கென்று செய்த சாதாரண டயர் மழைக்கும் வெயிலுக்கும் ஏற்கெனவே பொருந்தும். நமக்கு அதுதான் ஆல் சீசன்.

இன்னொரு வேடிக்கை. கடையில் ஆல் சீசன் என்று விற்கும் டயரில் பலவற்றில் அந்த மலை முத்திரையே கிடையாது. பெயர் மட்டும்தான். ஆக, இல்லாத பனிக்கு இல்லாத பாதுகாப்பைக் காசு கொடுத்து வாங்குகிறோம்.

டயர்க்காரர்கள் விளம்பரத்தில் சாமர்த்தியசாலிகள் என்பது இன்று நேற்று வந்ததல்ல. இங்கே மிச்செலின் என்கிறார்கள், எங்கள் பள்ளியில் மிஷ்லேன் என்று சொல்லாவிட்டால் ஸ்கேலால் ஒன்று விழும். க்ளெர்மோன் ஃபெரான் என்ற ஊரில் அண்ணன் தம்பி இருவர் 1889இல் ஆரம்பித்த கம்பெனி. 1900இல் ஒரு பயணக் கையேட்டை இலவசமாக அச்சிட்டுக் கொடுத்தார்கள். எங்கே சாப்பாடு, எங்கே தங்கலாம், எங்கே பெட்ரோல் என்று. ஜனங்கள் ஊர் சுற்றினால்தானே டயர் தேயும்! இன்றைக்குப் பெரிய ஓட்டல்காரர்கள் உயிரை விடும் அந்த நட்சத்திரத்தின் பூர்வீகம் டயர் வியாபாரம். ஆனால் அதே கம்பெனிதான் 1946இல் ரேடியல் டயருக்குக் காப்புரிமை வாங்கி உலகத்தையே மாற்றியது. நம் ஊரிலும் குறைவில்லை. அதே 1946இல் சென்னை திருவொற்றியூரில் பலூன் செய்யும் கொட்டகையாகத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். இன்று பெரம்பலூர் போகும் வழியில் நாரணமங்கலத்தில் ஆலை வைத்து டயர் செய்கிறது. டயர் செய்யத் தெரிந்தவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். நமக்குத்தான் வாங்கத் தெரியவில்லை.

காரைக்காலில் எனக்கு டிக்தே எழுதச் சொல்லிக் கொடுத்த வாத்தியார் ஒரே ஒரு வாக்கியத்தை வாரம் முழுக்கச் சொல்வார். எழுதியிருப்பதைப் படி, உனக்குத் தோன்றுவதைப் படிக்காதே என்பார். மருமகனிடம் அதையேதான் சொன்னேன். "அட்டையை விடு. டயரோட பக்கத்துல என்ன எழுதியிருக்குன்னு படம் எடுத்துக்கிட்டு வா. பழைய டயர்லயும் எடு, புதுசுலயும் எடு."

அவன் எடுத்து வந்தான். இரண்டிலும் 215/75 ஆர் 15 என்று இருந்தது. 215 என்பது அகலம், மில்லிமீட்டரில். 75 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பது. ஆர் என்றால் ரேடியல். 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். கடைக்காரர் பார்த்தது இவ்வளவுதான். சைஸ் ஒன்று, ரிம்மில் உட்காரும், முடிந்தது வேலை.

அதற்குப் பக்கத்தில் இன்னொரு எண் உண்டு. பழைய டயரில் 106 என்று இருந்தது. புது ஆல் சீசனில் 100. "ஆறுதான மாமா வித்தியாசம்" என்றான்.

அது ஆறு இல்லை. அது பாரக் குறியீடு. 100 என்றால் அந்த டயர் 800 கிலோ தாங்கும். 106 என்றால் 950 கிலோ. ஒரு டயருக்கு 150 கிலோ வித்தியாசம், பின்னால் இரண்டுக்கும் சேர்த்து 300 கிலோ. சில டயரில் கோடு போட்டு இரண்டு எண் இருக்கும். முதல் எண் ஒற்றை டயருக்கு, இரண்டாவது எண் லாரி மாதிரிப் பின்னால் ஜோடி டயர் போட்டால். எண்ணுக்குப் பின் வரும் எழுத்து வேகத்துக்கானது. மைக்செட் வண்டிக்கு அந்தக் கவலை இல்லை.

"எவ்வளவு பாரம் ஏத்துற?" என்றேன்.

"ஒரு டன்னுக்கு உள்ளதான் மாமா."

"டிரெய்லர்?"

"அது தனி சக்கரத்துலதான ஓடுது. நம்ம வண்டி மேல என்ன பாரம்?"

இதைத்தான் படித்தவர்களும் சொல்கிறார்கள். தப்பு. டிரெய்லரின் மூக்கு கொக்கியின் மேல் உட்காருகிறது. டிரெய்லர் எடையில் பத்தில் ஒரு பங்கு போல அந்த மூக்கில் இறங்கும்படி வைத்தால்தான் அது வால் ஆட்டாமல் வரும். நூறு கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். கொக்கி பின் சக்கரத்துக்கும் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 3 மீட்டர், பின் சக்கரத்திலிருந்து கொக்கிக்கு 1.2 மீட்டர் என்றால், பின் சக்கரத்தில் ஏறுவது 100 கிலோ இல்லை, 140 கிலோ. மிச்ச 40 கிலோ முன் சக்கரத்திலிருந்து தூக்கப்படுகிறது. ஏற்றப் பலகையில் ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் எழுமே, அதே கணக்கு. ஸ்டியரிங் லேசாகிவிட்டது, நல்லா ஓடுது என்று டிரைவர் சந்தோஷப்படுவார். அது சந்தோஷப்பட வேண்டிய விஷயமே இல்லை.

கணக்கு வாயால் போட்டால் நம்ப மாட்டான் என்று எடைமேடைக்கே அழைத்துப் போனேன். முழுச் சாமானையும் ஏற்றி, டிரெய்லரைக் கொக்கியில் மாட்டியபடி. முதலில் முன் சக்கரம் மட்டும் மேடையில். 1,010 கிலோ. பிறகு வண்டி முழுக்க மேடையில், டிரெய்லர் சக்கரம் மட்டும் வெளியே. 2,750 கிலோ. கழித்தால் பின் அச்சில் 1,740. எடைமேடைக்காரர் "எதுக்கு சார் ரெண்டு சீட்டு?" என்று என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஓய்வூதியக்காரனுக்கு வேறு வேலை இல்லை என்று நினைத்திருப்பார்.

ஆல் சீசன் இரண்டும் சேர்ந்து தாங்குவது 1,600. அந்தக் கடைக்காரர் பேச்சைக் கேட்டிருந்தால், பெட்டியைப் பிரித்த முதல் நாளே 140 கிலோ அதிகம். 106 போட்ட டயர் 1,900 தாங்கும். 160 கிலோ கையிருப்பு. விலை வித்தியாசம் ஒரு டயருக்கு 900 ரூபாய்.

மருமகன் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "கடைக்காரர் ஏமாத்திட்டாரா மாமா?" என்றான். ஏமாற்றவில்லை. அவர் ஒரு எண்ணும் மறைக்கவில்லை. டயரில் எழுதித்தான் இருக்கிறது. அவரும் படிக்கவில்லை, இவனும் படிக்கவில்லை. எனக்கு அந்தக் கடைக்காரரைத் திட்ட வாய் வரவில்லை. ஏனென்றால் இதே காரியத்தை நான் அரசாங்கக் காகிதத்தில், முத்திரையோடு செய்திருக்கிறேன்.

2005 நவம்பர். அப்போது காவிரியிலும் கொள்ளிடத்திலும் வெள்ளம் வந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஸ்ரீரங்கம் தீவில் தாழ்வான தெருக்களில் ஜனங்கள் முழங்கால் தண்ணீரில் நின்றார்கள். எங்கள் அலுவலகத்தில் ஒரு பிக்கப் இருந்தது. டீசல் பம்ப் ஏற்றிய டிரெய்லரை இழுத்துக்கொண்டு தண்ணீர் இறைக்கப் போகும். எந்த அலுவலகம் என்று சொல்லப் போவதில்லை. எல்லா அலுவலகமும் அப்படித்தான் இருந்தது.

அதற்கு நாலு மாதம் முன்பு அந்த வண்டிக்குப் பின் டயர் இரண்டு மாற்ற வேண்டும் என்று டிரைவர் எழுதிக் கொடுத்தார். நல்ல கையெழுத்து இல்லை. ஆனால் தெளிவாக எழுதியிருந்தார்: டிரெய்லர் இழுப்பதால் 8 பிளை டயர் வேண்டும். அந்தக் காலத்தில் பாரத்தைப் பிளை கணக்கில்தான் பேசுவோம். முன்பு நூல் அடுக்கு எத்தனை என்ற எண்ணிக்கை. பிற்பாடு அது பலத்துக்கான குறி மட்டும் ஆகிவிட்டது, உள்ளே அத்தனை அடுக்கு இருக்க வேண்டியதில்லை.

வழக்கப்படி மூன்று விலைப்புள்ளி வாங்கினேன். ஒப்பீட்டுப் பட்டியல் தயாரித்தேன். படிவத்தில் கட்டங்கள்: வரிசை எண், நிறுவனம், பொருள், அளவு, விலை, வரி, மொத்தம். பிளைக்குக் கட்டம் இல்லை. அதனால் பிளையை எழுதவில்லை. இருவர் 8 பிளை கொடுத்திருந்தார்கள், ஒருவர் 6 பிளை. அந்த ஒருவர் விலை டயருக்கு 410 ரூபாய் குறைவு. கீழே நான் எழுதிய குறிப்பு இன்றைக்கும் மனப்பாடம்: மூன்றும் ஒரே அளவுடையவை, குறைந்த விலைப்புள்ளியை ஏற்கலாம். மேலே இருந்தவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். அரசுக்கு 820 ரூபாய் மிச்சம் செய்தேன். பெருமையாகக்கூட இருந்தது.

டயர் மாட்டிய அன்று டிரைவர் வந்து என் மேஜை முன் நின்றார். "சார், 6 பிளை வந்திருக்கு." நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஆடிட் அப்ஜெக்ஷன் வந்தா நீங்களா பதில் சொல்லப் போறீங்க?" என்றேன். போய்விட்டார்.

வெள்ள நேரத்தில் ராத்திரி பகலாக ஓடிய வண்டி அது. லால்குடி சாலையில் ஒரு விடியற்காலையில் பின் இடது டயர் வெடித்தது. டிரெய்லர் தள்ள, வண்டி புரண்டு பள்ளத்தில் கிடந்தது. டிரைவரின் வலது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. அவருக்கு அப்போது நாற்பத்தொரு வயது.

டயர் ஒன்றுதான் காரணம் என்று நான் சத்தியம் செய்ய முடியாது. பள்ளம் இருந்திருக்கலாம், கல் இருந்திருக்கலாம், தூக்கமும் இருந்திருக்கலாம். ஆனால் அந்த டயரை நான் பார்த்தேன். பட்டன் முழுசாக இருந்தது. பக்கச்சுவர் மட்டும் சுற்றிலும் கத்தி வைத்து அறுத்த மாதிரி பிரிந்திருந்தது. வண்டியைத் தூக்கி வந்த வயசான மெக்கானிக் விரலால் தடவிப் பார்த்து, "பாரம் தாங்காம நெளிஞ்சு நெளிஞ்சு சூடாகிப் போனது சார் இது" என்றார்.

விசாரணை நடந்தது. அதிவேகம், கவனக்குறைவு என்று முடித்தார்கள். ஓராண்டு ஊதிய உயர்வு திரண்ட பயனின்றி நிறுத்தம். பிறகு இலகு பணி என்று தபால் பிரிவில் ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். டயர் வாங்கிய கோப்பை விசாரணை அதிகாரி கேட்கவில்லை. நானும் எடுத்துக் கொடுக்கவில்லை. அது இரண்டு மேஜை தள்ளி என் அலமாரியில்தான் இருந்தது. எனக்கு ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தது. கிராஜுவிட்டி நின்றுவிடும், பெண்ணுக்குக் கல்யாணம் ஆகவில்லை என்றெல்லாம் அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணங்கள் உண்டு. அவற்றை இங்கே அடுக்கினால் நானே அவற்றை நம்புகிறேன் என்று ஆகிவிடும்.

ஆக, மருமகன் வண்டியில் 100ஐயும் 106ஐயும் பார்த்தபோது எனக்கு ஏன் கை நடுங்கியது என்று இப்போது உங்களுக்குப் புரியும்.

நான் சண்டை போடுவது ஆல் சீசன் என்ற பெயரோடு மட்டும் இல்லை. குறைந்த விலை என்பதை ஒரு புண்ணியமாக நினைக்கும் நம் தலைமுறையின் புத்தியோடு. அரசாங்கம் ஒப்பந்தப்புள்ளியில் செய்வதை நாம் வீட்டில் செய்கிறோம். பையன் டாக்சி ஓட்டுகிறான், மருமகன் லோடு வண்டி ஓட்டுகிறான், டயருக்குக் காசு கேட்டால் நம் வாயில் முதலில் வருவது "கம்மி விலையில பாருடா" என்பதுதான். "எத்தனை கிலோ தாங்கும்?" என்று கேட்ட அப்பாவை நான் பார்த்ததில்லை. நானும் கேட்டதில்லை.

ரீட்ரேட் டயரே கூடாது என்று சொல்லும் கட்சி இல்லை நான். விமானத்துக்கே பட்டன் மாற்றி ஓட்டின டயரைப் போடுகிறார்கள். நம் அரசுப் போக்குவரத்துக் கழகங்களும் சொந்தமாக ரீட்ரேடிங் செய்து பின் சக்கரங்களில் ஓட்டுகின்றன. உள்ளே உடம்பு நன்றாக இருக்கிறதா என்று பார்த்து, கணக்கு வைத்துச் செய்தால் அது சிக்கனம். எவன் ஓட்டினது, எத்தனை வருஷம் ஆனது என்று தெரியாத டயரில் சூடான கத்தியால் கோடு வெட்டி, கறுப்புச் சாயம் பூசி ரோட்டோரத்தில் அடுக்கி வைத்திருக்கிறார்களே, அதை வாங்குவது சிக்கனம் இல்லை.

காற்று விஷயத்தில் இன்னொரு மூடநம்பிக்கை உண்டு. "வெயில் காலம், காத்து விரியும், ரெண்டு பாயிண்ட் கம்மியா அடி" என்பார்கள். நேர் எதிர். காற்று குறைந்தால் பக்கச்சுவர் அதிகம் மடங்கி மடங்கி நிமிரும், அதனால்தான் சூடேறும், அதனால்தான் வெடிக்கும். கதவுப் பக்கத்தில் கம்பெனி ஒட்டியிருக்கும் அளவைப் பாரத்துக்குத் தகுந்தபடி, காலையில் டயர் ஆறியிருக்கும்போது அடிக்க வேண்டும். பாரம் ஏற்றும் டயருக்குக் காரைவிட அதிகக் காற்று வேண்டும் என்பதால் பங்கில் இருக்கும் பையன் காருக்கு அடிக்கிற அளவில் நிறுத்திவிட விடாதீர்கள். நைட்ரஜன்தான் வேண்டும் என்று காசு கேட்டால், கடவுள் கொடுத்த காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன் இலவசமாக இருக்கிறது என்று சொல்லுங்கள்.

எல்லோரும் மறக்கிற டயர், டிரெய்லருடையது. மருமகனின் ஜெனரேட்டர் டிரெய்லர் டயரில் பட்டன் அப்படியே புதுசு. குனிந்து பார்த்தேன். நாலு இலக்கத் தேதி எண் 2313. அதாவது 2013ஆம் வருஷத்தின் 23ஆவது வாரத்தில் செய்தது. பன்னிரண்டு வருஷமாக வெயிலில் நின்றே கிழடாகிவிட்டது. பக்கமெல்லாம் பாளம் பாளமாக வெடிப்பு. தேய்மானத்தை மட்டும் பார்ப்பவனுக்கு அது நல்ல டயர். பின்னால் பாரம் இழுக்கும்போது அது போனால் முன் வண்டியையும் சேர்த்துக் கவிழ்க்கும். அதையும் மாற்றச் சொல்லிவிட்டேன். என் ஓய்வூதியத்திலிருந்து பாதி கொடுத்தேன். அதைத் தர்மம் என்று நினைத்துக் கொடுக்கவில்லை. பழைய பாக்கி.

இதைப் படிக்கும் நீங்களும் என் வயசுக்காரர்கள். நமக்கு எதற்கு டயர் என்று நினைக்க வேண்டாம். நவதிருப்பதி, நவக்கிரகம் என்று வேன் பிடித்துப் போகிறோம். பேரன் பேத்தியை ஸ்கூல் வேனில் ஏற்றி அனுப்புகிறோம். ஏறுவதற்கு முன் ஐந்து நிமிஷம் சக்கரத்துப் பக்கம் நின்று பாருங்கள். பட்டன் பள்ளத்துக்குள்ளே சின்ன மேடு ஒன்று குறுக்கே இருக்கும், பக்கச்சுவரில் முக்கோணக் குறியோ டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்தோ அதற்கு வழி காட்டும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டைத் தொட்டுவிட்டால் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம், சட்டப்படியே அதற்குக் கீழே கார், வேன் ஓடக் கூடாது. மழைக்காலத்துக்கு அது போதவே போதாது, 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடச் சொல்வேன். தேதி எண் ஐந்தாறு வருஷம் தாண்டியிருந்தால் கேள்வி கேளுங்கள். வண்டி வாங்கியபோது இருந்த பாரக் குறியீட்டுக்குக் கீழே புதுசு போட்டிருந்தால் ஏறாதீர்கள். டிரைவர் முறைப்பார். முறைக்கட்டும்.

அவரே ஒருநாள் "சார், இந்த டயர் சரியில்ல, முதலாளி மாத்தித் தர மாட்டேங்கிறாரு" என்று சொன்னால், தயவுசெய்து நிமிர்ந்து பாருங்கள்.

எங்கள் டிரைவர் ஆறு வருஷம் முன்பு காலமானார். அவர் மனைவியைப் பார்க்க இந்த ஆனி மாதம் போயிருந்தேன். அந்தக் கோப்பில் இருந்ததை, என் குறிப்பையும் சேர்த்து, முழுசாகச் சொன்னேன். அந்த அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அவர் வேகமா ஓட்டலன்னு எனக்குத் தெரியும் சார். என் பையனுக்குத்தான் தெரியாது. அவன்கிட்ட நீங்களே ஒருதடவை சொல்லிடுங்க" என்றார். பையன் கோயம்புத்தூரில் இருக்கிறான். தீபாவளிக்கு வருகிறானாம். சொல்ல வேண்டும்.